தக்கை விளக்கோடு ஆறு வருடம்

எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது என் வேலை. மனைவி செவிலியர். காலை ஷிஃப்ட் என்றால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார், மாலை ஷிஃப்ட் என்றால் வீடு திரும்ப ராத்திரி பத்தாகிவிடும். அதனால் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாமி அலமாரிக்கு எண்ணெய் விடுவது, திரி மாற்றுவது, கரி துடைப்பது எல்லாம் பல வருடமாக என் தலையில்தான். பெரிய பக்திமான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் சாயந்திரம் ஏழு மணிக்கு அந்த அலமாரி இருட்டாக இருந்தால் எனக்குச் சரிப்படாது.

முன்பெல்லாம் காமாட்சி விளக்குதான். ஏற்றிவிட்டு மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவேன், இல்லையென்றால் அடுப்பில் ஏதாவது வைத்திருப்பேன். திரும்பி வந்து பார்த்தால் எண்ணெய் தீர்ந்து, திரி காய்ந்து கருகி, விளக்கின் மூக்கு கறுத்திருக்கும். ஹாலெல்லாம் அந்தக் கருகல் வாடை. இல்லையென்றால் நேர்மாறாக, திரி சாய்ந்து எண்ணெய் வழிந்து தாம்பாளம் முழுக்க நிற்கும். எரிகிற விளக்கின் பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலக் கணக்கு. தூண்டுகோல் என்று ஒன்று வைத்திருந்ததே அதற்குத்தான்.

2019 சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியைப் பார்க்கப் போனபோதுதான் இன்னொரு வகை கண்ணில் பட்டது. அவருடைய பூஜை மேடையில் சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம் இரண்டு. அடியில் தண்ணீர், அதன்மேல் எண்ணெய், எண்ணெய்மேல் ஒரு சின்ன வில்லை, அதன் நடுவில் பட்டாணி அளவுக்குச் சுடர். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சுடரோ அசையவே இல்லை. கிண்ணத்தின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருந்ததால் காற்று அதைத் தொடவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்து ஆன்ட்டி உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து காட்டினார். ஐம்பது காசைவிடச் சற்றுப் பெரிய தக்கை வில்லைகள், மேலே மெல்லிய தகரம் போர்த்தி, நடுவில் துளை. கூடவே மெழுகில் தோய்த்து விறைப்பாக்கிய குட்டித் திரிகள், தீக்குச்சி போல அடுக்கியிருந்தன. எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு வாட்டர்லூ ஸ்திரீட் என்றார்.

அந்தத் தெருவைத் தெரியாதவர்களுக்கு: அங்கே சீனர்களின் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அடுத்ததிலும் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் சீனப் பக்தர்களை எந்த நாள் போனாலும் பார்க்கலாம். அங்கே ஒரு பூஜைப் பொருள் கடையில் முதல் பாக்கெட் வாங்கினேன், இரண்டு மூன்று வெள்ளி, அதாவது டாலர்தான். பிற்பாடு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவிலும் இதே மாதிரி கிடைத்தது. அங்கே கிடைத்தது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வில்லை. அதன் கதை தனி, அப்புறம் சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 920 கிராம்தான், தண்ணீரோ ஒரு கிலோ. அதனால் எண்ணெய் மேலே நிற்கும், தக்கை அதற்கும் மேலே. எண்ணெய் குறையக் குறையத் தக்கை இறங்கும், திரி எப்போதும் எண்ணெயிலேயே இருக்கும். கடைசியில் திரியின் வால் தண்ணீரைத் தொடும். இரண்டு மூன்று தடவை சடசடக்கும், அவ்வளவுதான், விளக்கு தானாகக் குளிர்ந்துவிடும். திரி காய்ந்து கருகாது, வாடையும் வராது. வாயால் ஊதக் கூடாது, பூவால் மலையேற்ற வேண்டும் என்கிற வழக்கத்துக்கும் பங்கம் இல்லை.

நம் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்று வருமே, அதை நுந்தா விளக்கு, நொந்தா விளக்கு என்றும் எழுதியிருப்பார்கள். நுந்துதல் என்றால் தூண்டுதல். சோழர் காலத்தில் அப்படி ஓயாமல் எரியும் ஒரு விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று கோயிலுக்கு விட்டார்கள். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். அந்த ஆடுகளிலிருந்து நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வளவு ஏற்பாடும், நெய்யளக்க ஒரு ஆளும் இருந்துதான் விளக்கு அணையாமல் எரிந்தது. என் தக்கை விளக்கு தூண்ட வேண்டாத விளக்குதான், ஆனால் அணையாத விளக்கு இல்லை. எப்போது அணைய வேண்டும் என்பதை எண்ணெய் ஊற்றும்போதே முடிவு செய்துகொள்ளலாம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

என் வீட்டுக் கணக்கு இது: அடியில் நிற்கும் எண்ணெய் போக, ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் எரிகிறது. ஏழு மணிக்கு ஏற்றினால் பதினோரு மணி வாக்கில் நான் படுக்கப் போகும்போது அதுவும் படுத்துவிடும். திரி தடிமன், காற்று, எண்ணெய் வகை பொறுத்து அரை மணி முன்பின் ஆகும்.

"அடியில் நிற்கும் எண்ணெய்" என்று சொன்னேன் அல்லவா, முதல் ஒரு மாதம் என்னைப் படுத்தியது அதுதான். திரியின் வால் வில்லைக்குக் கீழே எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு உயர எண்ணெய் எரியாமலே மிஞ்சும். பாக்கெட்டில் வந்த திரியை அப்படியே செருகினேன். வால் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். நான் ஊற்றியதோ ஒரு சென்டிமீட்டர் எண்ணெய். ஏற்றியதும் ஒரு நிமிடம் எரிந்தது, அப்புறம் சடசட, புஸ். நான்கு நாள் இப்படியே. மட்டமான திரி என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் கண்ணாடியைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் வால் தண்ணீருக்குள் நீந்துவது தெரிந்தது. நகவெட்டியால் வாலை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கினேன். அன்றிலிருந்து பிரச்சினை இல்லை. இன்னொன்று, புதுத் திரியை ஏற்றும்முன் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் மெழுகு மட்டும் எரிந்து தீர்ந்து, எண்ணெய் மேலே ஏறுவதற்குள் சுடர் போய்விடும்.

திரியின் தலை மேலே அரிசி நீளத்துக்கு நின்றால் போதும். அதற்குமேல் விட்டால் கரி கக்கும். எங்கள் சாமி அலமாரி மேலே மூடியது. காமாட்சி விளக்குக் காலத்தில் அதன் உள்கூரை கறுத்துக்கிடந்தது, மாதம் ஒருமுறை ஏறித் துடைப்பேன். தக்கை விளக்கு வந்த பிறகு வருடத்துக்கு இரண்டு முறை துடைத்தால் யதேஷ்டம்.

இனிக் கண்ணாடி. இதில் இரண்டு முறை காசு விட்டிருக்கிறேன். முதலில் வாங்கியது உயரமான குறுகலான தண்ணீர் தம்ளர், பார்க்க அழகு. ஆனால் எண்ணெய் இறங்க இறங்கச் சுடர் கிணற்றுக்குள் போனதுபோல் ஆகி, காற்றோட்டம் இல்லாமல் மங்கி, உள்சுவரெல்லாம் கறுத்தது. ஏற்றுவதற்கும் நீளத் தீக்குச்சி தேட வேண்டும். இரண்டாவது மெல்லிய ஒயின் கிண்ணம் மாதிரி ஒன்று. இதில்தான் விபத்து.

பால் கிண்ணத்தில் கார்ன்ஃபிளேக்ஸ் ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். தக்கைக்கும் அதே குணம். எண்ணெய் கண்ணாடிச் சுவரில் லேசாக ஏறி நிற்பதால் மிதப்பது ஓரம் தேடிப் போகும். கண்ணாடி அகலமாக, வில்லை சின்னதாக இருந்தால் சுடர் சுவரை ஒட்டி நின்று ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். அன்று இது போதாதென்று, சாமி படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரத்திலிருந்து காய்ந்த பூ ஒன்று உதிர்ந்து எண்ணெயில் விழுந்து, அதுவும் ஒரு திரியாகப் பற்றிக்கொண்டது. ஒரு சுடர் இருந்த இடத்தில் இரண்டு, இரண்டும் சுவரோரம். நான் சமையலறையில் இருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். வந்து பார்த்தால் கிண்ணத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு, அதன் வழியாக எண்ணெயும் தண்ணீரும் கசிகின்றன. அடியில் பித்தளைத் தாம்பாளம் இருந்ததால் பிழைத்தோம். எவர்சில்வர் மூடியை எடுத்துக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்தேன், சுடர் அடங்கியது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பதற்றத்தில் என் கை முதலில் போனது பஞ்சபாத்திரத்துக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து நான்கு விஷயம் மாறவில்லை. தடித்த அடியுள்ள, வாய் அகன்ற குட்டைக் கண்ணாடிதான், ஊறுகாய் பாட்டில் கனத்தில் இருக்க வேண்டும். வில்லை கண்ணாடியின் அகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும், அப்போது ஓரம் ஒட்டினாலும் நடுவில் இருக்கும் சுடர் சுவரைத் தொடாது. பூச்சரம் விளக்குக்கு நேர் மேலே தொங்காது. மூடி ஒன்று அலமாரியிலேயே விளக்குப் பக்கத்தில் இருக்கும்.

தேக்காவில் வாங்கிய பிளாஸ்டிக் வில்லையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் நடுவில் சூடேறி வளைந்து, திரி ஒருபக்கம் சாய ஆரம்பித்தது. இணையத்தில் வாங்கிய இன்னொரு செட்டும் அதேதான், கூடவே பிளாஸ்டிக் வாடை. விலை மலிவு, ஆனால் தக்கை வில்லை ஒன்று சராசரியாக நான்கைந்து மாதம் வருகிறது, இது ஒரு மாதம் தாங்காது. தக்கையிலும் தகரம் போர்த்தாததை வாங்காதீர்கள். துளையைச் சுற்றித் தக்கையே கருகிவிடும்.

2020-ல் சர்க்யூட் பிரேக்கர் என்ற கொவிட் ஊரடங்கு வந்தபோது, ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கடைகள் மூடியிருந்த அந்த எட்டு வாரத்தில் என்னிடம் இருந்த வில்லைகள் தீர்ந்துபோயின. கோயிலும் மூடல், வீட்டு விளக்காவது எரிய வேண்டும் என்று பிடிவாதம். ஒயின் பாட்டில் தக்கை ஒன்றைக் கத்தியால் வட்டமாகச் சீவி, அலுமினியத் தாள் சுற்றி, ஊசியால் துளையிட்டேன். திரிக்குப் பஞ்சை முறுக்கினால் விறைப்பில்லாமல் துவண்டு விழுந்தது. பிறந்தநாள் மெழுகுவர்த்தி ஒன்றைக் கரண்டியில் உருக்கி அதில் தோய்த்துக் காயவைத்த பிறகு நின்றது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் கடை வில்லைக்கு இளைத்ததில்லை. இப்போதும் பஞ்சுத் திரியை நானேதான் செய்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் இரண்டு மாதத்துக்கு ஆகும்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் உண்டு, எந்த எண்ணெய்க்கு என்ன பலன் என்பதில் நான் தலையிடவில்லை. எரிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்லெண்ணெய் நன்றாக எரிகிறது, வாசனையும் பழகியது. ஆனால் பிசுக்கு பிடிக்கும். கண்ணாடியில் இரண்டு நாள் விட்டால் அரக்குப் பூசியதுபோல் ஒட்டும், நகத்தால் சுரண்ட வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் இதைவிட மோசம். காற்றும் சூடும் பட்டால் இந்த எண்ணெய்கள் மெல்ல இறுகும் தன்மை உடையவை. தேங்காயெண்ணெய் அப்படி இறுகுவதில்லை, சோப்பு போட்டால் கழன்று வந்துவிடும், சுடரும் வெள்ளையாகத் தெரியும். 24 டிகிரிக்குக் கீழேதான் அது உறையும். சிங்கப்பூரில் ஏசி போடாத ஹாலில் அந்த நிலை வருவது அபூர்வம். அதனால் நான்காம் வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் அன்றாடத்துக்குத் தேங்காயெண்ணெய், சனிக்கிழமைக்கும் கார்த்திகைக்கும் நல்லெண்ணெய்.

நெய் இந்த விளக்குக்கு ஒத்துவராது. நம் ஹால் சூட்டில் நெய் முழுக்க உருகவும் உருகாது, உறையவும் உறையாது. சுடரைச் சுற்றி மட்டும் உருகி, ஓரத்தில் குருணையாக நிற்கும், தக்கை அசையாது. நெய் விளக்கென்றால் அகல்தான். விளக்கெண்ணெய் கெட்டி, மெல்லிய திரியில் ஏற மறுக்கிறது, அரை மணியில் மங்கிவிடும். நல்லெண்ணெயோடு கால் பங்கு கலந்தால் எரியும், கொஞ்சம் கூடுதல் நேரமும் தாக்குப்பிடிக்கும். வாசனை சேர்த்த விளக்கு எண்ணெய் என்று புட்டியில் வருவதையும் ஒருமுறை வாங்கினேன். சமைக்க ஆகாது என்று போட்டிருந்தது. சுடர் இரண்டு மடங்கு உயரம் எழுந்து கரி கக்கியது, மகளுக்குத் தும்மல். மீதிப் புட்டி ஒரு வருடமாகப் படுத்திருந்து கடைசியில் குப்பைக்குப் போனது.

இப்போது தண்ணீர். எண்ணெய், திரி எல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். இந்த விளக்கோடு ஆறு வருடமாக நான் மல்லுக்கட்டுவது தண்ணீரோடுதான்.

முதலில் நான் நினைத்தது, தண்ணீர் எங்கே போகப்போகிறது, எண்ணெயை மட்டும் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கலாம் என்று. மூன்றாம் நாள் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் மோர் மாதிரி ஒரு வெள்ளைப் படலம். கருகிய துணுக்கும் பஞ்சு இழையும் அதில் மாட்டித் தொங்குகின்றன. ஐந்தாம் நாள் மூடி திறந்தால் பூச்சாடியில் பழைய தண்ணீர் வாடை. சுடரும் சடசடக்கத் தொடங்கும். இந்த ஊர்ச் சூட்டில் தேங்கிய தண்ணீர் அவ்வளவுதான் தாங்கும். போதாக்குறைக்கு ராத்திரி எண்ணெய் வாசத்துக்குக் கரப்பான் வரும். ஒருநாள் காலையில் ஒன்று தக்கைமேல் ஏறிப் படகு விட்டுக்கொண்டிருந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். அன்று பள்ளிக்கு அரை மணி தாமதம். மழை விட்ட சாயந்திரங்களில் ஈசல் வேறு.

ஆக, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். வேறு வழி இல்லை. கவனிக்கவே வேண்டாத விளக்கு என்று இதைப் பற்றி யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. எரியும்போது கவனிக்க வேண்டாம், எரிந்து முடிந்த பிறகு கவனிக்க வேண்டும். காமாட்சி விளக்கின் பக்கத்தில் நின்ற நேரத்தை இப்போது கழுவுதொட்டியின் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு அது லாபம், காலை ஆறரைக்கு வீடு அமைதியாக இருக்கும், ஐந்து நிமிட வேலை. சாயந்திரத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைக்காது. உங்களுக்கு நேர்மாறாக இருந்தால் இந்த விளக்கு வேண்டாம்.

கழுவும் முறை எனக்குப் பிடிபட்டது இப்படி. மிச்ச எண்ணெயை மேலாகக் கரண்டியால் எடுத்து ஒரு சின்னப் பாட்டிலில் விடுவேன், தெளிந்தால் மறுநாளுக்கு ஆகும். மீதியைத் துடைதாளால் ஒற்றி எடுத்துப் பழைய நாளிதழில் சுருட்டிக் குப்பைக்கு. தண்ணீரை மட்டும்தான் தொட்டியில் ஊற்றுவது. எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், அந்தப் பாடத்துக்கு முதல் வருடமே ஒரு பிளம்பருக்குப் பணம் கொடுத்தேன். பிறகு கண்ணாடியில் சீயக்காய்த் தூள் கொஞ்சம் போட்டு விரலால் தேய்த்தால் பிசுக்கு அப்படியே உருண்டு வந்துவிடும். அதன்பின் வழக்கமான பாத்திரச் சோப்பு. கண்ணாடி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய வேண்டும் என்று அவசியமில்லை, எப்படியும் தண்ணீர்தானே ஊற்றப்போகிறோம். வில்லையை மட்டும் சோப்பில் போடாதீர்கள், தக்கை ஊறிவிடும். துணியால் துடைத்தால் போதும்.

2022-ல் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்து நான்கு மாதம் எங்களோடு இருந்தார். முதல் நாள் சாயந்திரமே பிடித்துக்கொண்டார்.

"என்னடா இது, விளக்குல தண்ணிய ஊத்துற? எண்ணெய்க்கு அவ்வளவு பஞ்சமா?"

அடர்த்தி, மிதப்பு என்று ஏதோ விளக்கினேன். அம்மா முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. சாஸ்திரத்தில் இல்லை, சம்பிரதாயத்தில் இல்லை என்று இரண்டு நாள் ஓடியது. தன் பங்குக்கு ஒரு அகல் தனியாக ஏற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் ஹாலில் உட்கார்ந்து அந்தச் சின்னச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தவர், தனக்குத்தானே சிரித்தார்.

"நம்ம திருவாரூர்ல நமிநந்தியடிகள் முழுக்கத் தண்ணியையே ஊத்தி எரிச்சாரு. நீ பாதிதானே ஊத்துற. எரியட்டும் விடு."

மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதை பாட்டி மடியிலேயே கிடைத்திருக்கும். நாயன்மாரில் ஒருவரான ஏமப்பேறூர்க்காரர் நமிநந்தியடிகள் திருவாரூரில் விளக்கேற்ற நெய் கேட்டு ஒரு வீட்டுக்குப் போகிறார். "உங்கள் சாமி கையிலேயே தீ இருக்கிறதே, விளக்கு எதற்கு? வேண்டுமானால் தண்ணீரை மொண்டு எரியுங்கள்" என்று அவர்கள் எள்ளி அனுப்புகிறார்கள். அவர் குளத்து நீரை முகந்து ஊற்ற, விடிய விடிய விளக்கெரிகிறது. என் அடர்த்திப் பாடம் செய்யாத வேலையை நாயனார் செய்துகொடுத்தார்.

அடுத்த சிக்கலும் அம்மாவிடமிருந்துதான். செவ்வாய், வெள்ளி விளக்குத் துலக்கக் கூடாது. தண்ணீரோ தினமும் மாற வேண்டும். இதுவரை நான் யோசித்ததே இல்லை, வெள்ளிக்கிழமையும் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். அம்மா கண்டுபிடித்த வழி எளிமையானது: இரண்டு கண்ணாடி. வியாழனே இரண்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும், வெள்ளிக்கு ஒன்று, அதன் அழுக்கு சனி காலை வரை ஓரமாகக் காத்திருக்கும். இன்றுவரை அதே ஏற்பாடுதான். இதைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் பங்குக்கு அவர்கள் வழக்கத்தைச் சொன்னார். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவருக்கு முக்கியம், அதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிடுவாராம். அம்மாவும் ஆன்ட்டியும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல், ஆளுக்கொரு தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் கால் மணி நேரம் நின்றார்கள்.

தீபாவளிக்கு உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூவிதழ் தூவி மிதக்கும் மெழுகுவர்த்தி விடுவது இப்போது பாதி வீடுகளில் உண்டு. நாங்களும் செய்தோம். அழகு ஒரு ராத்திரிக்குத்தான், மறுநாள் இதழெல்லாம் கொழகொழ. ஒரு வருடம் விருந்தாளிகள் வந்துபோன களைப்பில் உருளியைத் தாழ்வாரத்து ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். ஆறாம் நாள் எட்டிப் பார்த்தால் கொசுப் புழுக்கள் நெளிகின்றன. ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும் இந்த ஊரில். டெங்கிச் சோதனைக்கு அதிகாரிகள் வந்திருந்தால் அபராதம்தான், அதைவிட அவமானம். தக்கை விளக்கில் எண்ணெய் மூடி நிற்பதால் புழுவுக்கு மூச்சு கிடைக்காது, உருளியில் அந்தக் காவல் இல்லை. இப்போது உருளி ஒரே நாள்தான், இரவே கொட்டிவிடுவேன். தாழ்வாரத்திலும் வைப்பதில்லை, அது பொது வழி, 1.2 மீட்டர் இடம் விட வேண்டும் என்ற விதி ஒருபக்கம், வடகிழக்குப் பருவக் காற்றில் எதுவும் எரியாது என்பது இன்னொரு பக்கம்.

தண்ணீரில் பட்டதும் எரியும் எல்இடி விளக்குகளும் மனைவி ஒருமுறை வாங்கிவந்தார். உள்ளே குட்டிப் பட்டன் பேட்டரி இருக்கும், சின்னப் பிள்ளைகள் வரும் வீடென்றால் அதைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து. அலங்காரத்துக்குச் சரி. சாமிக்கு முன்னால் எனக்கு மனசு வரவில்லை.

மகளுக்கு மட்டும் இந்த விளக்கில் வேறு சுவாரஸ்யம். தண்ணீரில் மஞ்சள் கரைத்துப் பார்த்தாள், தூள் அடியில் வண்டலாகப் படிந்தது, சாயம் எண்ணெய்ப் பக்கம் போனது. குங்குமமும் வண்டல்தான். பாண்டான் கேக்குக்குப் போடும் பச்சை வண்ணம் ஒரு சொட்டு விட்டபோது கீழே பச்சைத் தண்ணீர், மேலே பொன்னிற எண்ணெய், நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றது. அந்த வாரம் அலமாரி முருகனுக்குத் தினமும் ஒரு நிறம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் இதை வாங்கியதே, காலையில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விடலாம், தானாக அணைந்துவிடும் என்ற எண்ணத்தில்தான். கிண்ணம் விரிசல் விட்ட அன்று அந்த எண்ணத்தை விட்டேன். தானாக அணையும் விளக்குதான், ஆனாலும் அணையும்வரை அது நெருப்பு. ஆள் இல்லாத வீட்டில் எரிய விடுவதில்லை. காலையில் காமாட்சி விளக்கு, அரை மணி நேரம், கிளம்பும்முன் மலையேற்றிவிடுவேன். சாயந்திரம்தான் தக்கை. 2018 ஜூன் முதல் புது வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் அல்லவா, அப்படி ஒரு புது வீட்டுக்குப் போன நண்பர் விளக்குக்கு அது அலறுமோ என்று கேட்டார். அவர் வீட்டில் இதுவரை தக்கை விளக்குக்கு அலறவில்லை. சாம்பிராணிக்கு அலறியது, புளோக்கே கேட்டது.

செலவு என்று பார்த்தால் ஒரு நாளைக்குச் சில காசு எண்ணெய், வருடத்துக்கு இரண்டு மூன்று வில்லை. இப்போது இருப்பது மூன்றாவது ஜோடிக் கண்ணாடி, மூன்று வருடமாகக் கீறல் இல்லை.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது நான்கு வில்லையும் ஒரு பாக்கெட் திரியும் கொண்டுபோனார். நான் சொல்லிக்கொடுத்தபடியே தேங்காயெண்ணெய். டிசம்பர் மாதம், மார்கழி பிறந்த வாரம், ஊரில் காலை ஆறு மணி இருக்கும், என் கைப்பேசி அடித்தது. எனக்கு இங்கே மணி என்ன என்று அவர் யோசித்ததில்லை, இரண்டரை மணி நேர வித்தியாசம், நான் அலுவலகத்தில்.

"டேய், உன் விளக்கு நகர மாட்டேங்குது. எண்ணெய் தேங்காப் பத்தையாட்டம் உறைஞ்சு கெடக்கு, தக்கை நடுவுல மாட்டிக்கிச்சு. சுடுதண்ணியில வச்சிருக்கேன். எவ்வளவு நேரம் ஆவும்?"

கண்ணாடி வெடிக்கும், வெந்நீர் வேண்டாம், வெளியே எடுத்துத் திண்ணையில் வெயில் வரும்வரை வையுங்கள் என்றேன். வெயில் வர எட்டு மணி ஆகும், பெருமாள் அதுவரை இருட்டில் இருப்பாரா என்று கேட்டுவிட்டு, அகலில் நல்லெண்ணெய் ஊற்றப் போய்விட்டார்.